ஊறப்போட்ட டிஸ்க்கும் கொதிக்கிற டீயும்

கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு லேப்டாப் பை பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே லேப்டாப் இல்லை. லேப்டாப்புகளின் வயிற்றைத் திறந்து பார்த்தே காலத்தைக் கழித்தவளுக்கு வெறும் பை போதும் என்று நினைத்திருக்கலாம். சால்வை போர்த்தி, படம் எடுத்து, ஜாங்கிரி கொடுத்து அனுப்பி வைத்தார்கள். அந்தப் பையில் இப்போது திருச்செங்கோட்டுச் சந்தையிலிருந்து காய்கறி வாங்கி வருகிறேன். பட்டை நல்ல அகலம், முழுச் சுரைக்காய் வாங்கினாலும் தோள் வலிப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் கடையை நான் குறை சொல்ல மாட்டேன்.

போன மாதம், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிரபு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். யாரோ பரணிலிருந்து எடுத்துவந்த பழைய லேப்டாப். அதற்குள்ளிருந்த டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிள்தான் படம். "அக்கா, இதுல எஸ்எஸ்ஹெச்டின்னு போட்டிருக்குதுங்க. பிரிண்டிங் மிஸ்டேக்குங்களா?" என்று கேட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு காலத்தில் எங்கள் மேனேஜரைப் பாங்காக் வரை தூக்கிச் சென்ற பொருள் அது. இன்றைக்கு அச்சுப்பிழை ஆகிவிட்டது. உடனே அவனைப் போனில் கூப்பிட்டு, அது ஹைபிரிட் டிரைவ் என்று சொன்னேன். "அத மாட்டுனா லேப்டாப்பு வேகம் ஆவுமுங்களா, ஆவாதுங்களா?" என்றான். ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம். கதையை ஆரம்பித்தேன். பாதியில் என்னை நிறுத்தி, "இத அப்படியே எழுதிக் குடுங்கக்கா, கடையோட ஆண்டு விழா மலருல போட்டர்லாம். கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க" என்றான். பாசிட்டிவாகத்தான் எழுதுகிறேன். அச்சில் வருவதும் வராததும் மலர்க் குழுவின் மனசு.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. வகுப்பிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே பெஞ்சுக்குள் அடங்கிவிடுவோம். பிறகு டிவி பழுதுபார்க்கும் கடை, அப்புறம் யுபிஎஸ் கம்பெனி, கடைசியாகத் திருச்செங்கோட்டில் இந்தக் கம்ப்யூட்டர் கடையின் சர்வீஸ் பிரிவு. கல்யாணமும் இரண்டு பிள்ளைகளும் இடையில் எங்கேயோ நடந்தன. சேர்ந்த புதிதில், வருகிறவர்கள் மெஷினை என் கையில் கொடுத்துவிட்டு, "இஞ்சினியரு எப்பங்க வருவாரு?" என்று கேட்பார்கள். "டீ குடிக்கப் போயிருக்காருங்க" என்பேன். அவர்கள் போனதும் நானே போய் டீ குடித்துவிட்டு வந்து, நானே மெஷினைத் திறப்பேன்.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று யார் வந்தாலும் நான் வேலை பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. எடுத்தவுடன் ஆன் செய்ய மாட்டேன். என்ன கோளாறு என்றும் கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் வைரஸ் என்பார்கள், டாக்டரிடம் போய் வாயு என்று சொல்வது மாதிரி. "மெதுவா ஆவறப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்பதுதான் என் கேள்வி. அதற்குச் சரியான பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, சூட்டுக் காற்று வெளியே வரும் ஓட்டையில் மூக்கை வைத்துப் பார்ப்பேன். டீசலும் செம்மண்ணும் மணத்தால் போர்வெல் ரிக் வண்டி ஆபீஸ். தீவனத் தூளும் இறகுத் துணுக்கும் இருந்தால் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணை. பஞ்சு அடைத்திருந்தால் குமாரபாளையம், கேட்கவே வேண்டாம். தறிப்பட்டறைப் பஞ்சு ஃபேனுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் சின்ன மெத்தையாகவே படிந்திருக்கும். அதை இடுக்கியால் ஓரத்தில் பிடித்து, அறுந்துபோகாமல் ஒரே துண்டாக உரித்து எடுக்க வேண்டும். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகுதான் ஆன் செய்வேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க் இருக்கும் இடத்தில் மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். நல்ல டிஸ்க் சீராக இரையும். போகப்போகிற டிஸ்க் டொக் டொக் என்று தட்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் புதிதாக எதையாவது வாங்கி மாட்டலாமா என்ற யோசனையே எனக்கு வரும். சூடு தாங்காத மெஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் வந்தவற்றில் பாதி, பஞ்சை எடுத்ததுமே சரியாகிவிடும்.

இது எங்கள் சர்வீஸ் மேனேஜர் தனசேகர் சாருக்குப் பிடிக்காது. "பஞ்சு எடுத்ததுக்கு என்னத்தம்மா பில்லு போடறது?" என்று என்னிடம் மனம் நொந்து கேட்பார்.

தனசேகர் சார் அதற்கு முன் ஃபிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்தவர். திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. எங்கள் துறையிலிருந்து அவர் முழுமையாகக் கற்றுக்கொண்ட ஒன்று மணிக்கட்டில் கட்டும் நீலப் பட்டை. உடம்பிலிருக்கும் மின்சாரம் பாய்ந்து மெஷின் கெட்டுவிடாமல் இருக்கக் கட்டுவது. அதன் ஒயரின் மறுமுனையில் ஒரு கிளிப் இருக்கும். அதை எர்த்தில் மாட்ட வேண்டும். அவர் தன் சட்டைப் பையில் மாட்டியிருப்பார். காலையில் கட்டினால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அவிழ்க்க மாட்டார். ஒருநாள் மல்லசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ரகசியமாக, "சாருக்குப் பிரஷருங்களா அம்மிணி?" என்று விசாரித்தார். "எங்களுக்குத்தாங்க" என்றேன்.

அவர் பதவியில் நன்றாக ஊன்றிய சமயத்தில்தான் ஹைபிரிட் டிரைவ் வந்தது. பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. கூடவே ஒரு ஸ்கீமும் வந்தது. இத்தனை விற்றால் மேனேஜருக்குப் பாங்காக் பயணம் என்று டிஸ்ட்ரிபியூட்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு வந்த எல்லா லேப்டாப்புக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. கீபோர்டில் டீ கொட்டிவிட்டது என்று வந்தவருக்கும் ஹைபிரிட் டிரைவை எடுத்துக் காட்டியதை நான் பார்த்தேன்.

அது என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிரபு மறுபடியும் கேட்பான். சுற்றுகிற பழைய டிஸ்க்தான் அது. ஓரத்தில் ஒரு சின்ன சிப்பைச் சேர்த்திருப்பார்கள். நீங்கள் அடிக்கடி எடுப்பது எது என்று கவனித்து, அதை மட்டும் சிப்பில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். கடுகும் சீரகமும் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும், மற்ற மளிகையெல்லாம் அட்டாலிமேல் இருக்கும் அல்லவா, அந்த ஏற்பாடுதான். தினமும் ரசம் வைக்கிற வீட்டில் கை வைத்த இடத்தில் சாமான் கிடைக்கும். திடீரென்று பிரியாணி கேட்டால் ஏணி போட்டு ஏற வேண்டியதுதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. தினமும் அதே பில்லிங் புரோகிராமைத் திறந்து மூடுகிற கடைக்காரருக்கு வேகம் கூடத்தான் செய்தது. நானே மாட்டிக் கொடுத்திருக்கிறேன், அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள்.

ஆனால் தனசேகர் சாருக்கு ரசம், பிரியாணி என்ற பேதமெல்லாம் கிடையாது. அவரிடம் ஒரு வித்தை இருந்தது. கடைக்குள் நாங்கள் அதை ஊறப்போடுவது என்போம். வாடிக்கையாளர் மெஷினை விட்டுவிட்டுப் போனதும், பழைய டிஸ்க்கை அப்படியே ஹைபிரிட்டுக்குக் காப்பி செய்து மாட்டிவிட்டு, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வார். ஒவ்வொரு முறையும் அவர்கள் வழக்கமாகத் திறப்பதையே திறந்து மூடுவார். சிப்புக்குள் அது நன்றாக ஊறிவிடும். எங்கள் எல்லோருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கிற மனிதர், இந்த வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டார். பட்டையைக் கட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்து செய்வார். வாடிக்கையாளர் வந்ததும் அவர் கண்முன்னால் ஆன் செய்வார். டக்கென்று திறக்கும். வீட்டுக்குப் போய் வேறொன்றைத் திறந்தால் திறக்காது. மறுபடி வந்து கேட்டால் சாருடைய பதில் ஒரே சொல்.

"பழகட்டும்ங்க."

புது மாடு, புதுத் தறி, புது மருமகள் எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் சொல்லும் சொல்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சரி, பழகட்டும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். சில வாரங்கள் கழித்துத் திரும்பவும் வராதவர்களை எல்லாம் பழகிவிட்ட டிரைவ் கணக்கில் சார் சேர்த்துக்கொண்டார். டிரைவ் அவர்களுக்குப் பழகியதா, அவர்கள் டிரைவுக்குப் பழகினார்களா என்று அவர் கேட்கவில்லை.

இந்த வித்தைக்கு மசியாமல் தப்பித்தவர் நானறிந்து ஒருவர்தான். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு கவுண்டர். சார் அரைமணி நேரம் தொண்டை வற்றப் பேசி முடித்ததும் அவர் கேட்டார்: "ஹைபிரிட்டுங்களா? அப்ப ஒவ்வொரு போகத்துக்கும் புதுசா வாங்கோணுங்களே?"

சாருக்குப் புரியவில்லை. கவுண்டரே விளக்கினார். "ஹைபிரிட் மக்காச்சோளம் போட்டா அதுல வெத எடுக்க முடியாதுங்க. ஹைபிரிட் தக்காளி பாக்கப் பளபளன்னு இருக்கும், வாயில வெச்சா ஒண்ணுமில்லீங்க. நமக்கு அந்த வம்பெல்லாம் வேண்டாம். நாட்டு டிஸ்க்கு இருந்தா ஒண்ணு போட்டு உடுங்க, போதும்."

சார் கடைசிவரை போராடிப் பார்த்தார். கவுண்டர் நாட்டு டிஸ்க்கோடுதான் போனார். அவர் சொன்னதில் ஒன்றும் சரியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் மனசு குளிர்ந்திருந்தது. அதிலிருந்து சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்கு எங்கள் கடையில் நாட்டு டிஸ்க் என்றே பெயர். டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஆர்டர் சொல்லும்போதுகூட யாரோ அப்படிச் சொல்லி, அவர் என்ன பிராண்டு அது என்று கேட்டதாகக் கேள்வி.

இனி கோமதி. நான் பார்த்த கேஸ்களில் எனக்கு உண்மையிலேயே நெஞ்சு படபடத்த கேஸ் இவளுடையது.

கோமதி குமாரபாளையத்தில் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவள். பெட்ஷீட்டில் வருகிற பூ, கட்டம், பார்டர் எல்லாம் முதலில் இவள் லேப்டாப்பில்தான் பிறக்கும். ஒரு மில்லின் டிசைன் ஆபீஸில் பல வருஷம் வேலை பார்த்தாள். அவள் போட்ட டிசைனை முதலாளியின் மகன் தான் போட்டதாகச் சொல்லி வாங்க வந்த பார்ட்டியிடம் காட்டப்போக, வாக்குவாதம் முற்றி வெளியே வந்துவிட்டாள். வரும்போது முதலாளி, "ஆறு மாசத்துல திரும்பி வருவ. உன்ற சேர காலியாவே போட்டு வெக்கறேன்" என்று சொல்லி அனுப்பினாராம். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். அந்தக் காலி நாற்காலி அவள் தூக்கத்தையே கெடுத்துக்கொண்டிருந்தது.

தனியாகத் தொழில் ஆரம்பித்த அவளுக்கு இருந்த ஒரே பிடி, டிசைன் வாங்கிப்போக ஈரோட்டிலிருந்து வருகிற ஒரு ஜவுளி ஏஜெண்டு. வியாழக்கிழமைதோறும் வருவார். வீட்டின் முன்னறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "பார்டர மாத்திக் காட்டுங்க, போன தடவை போட்ட அந்தப் பூவ எடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கொடுக்கிற டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும்தான் அவருடைய பொறுமை. அதற்குள் திரையில் டிசைன் வந்தால் பேச்சு தொடரும். வராவிட்டால் டம்ளரை வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று எழுந்து அடுத்த தெருவிலிருக்கும் வேறொரு டிசைனரிடம் போய்விடுவார். இரண்டு வியாழக்கிழமை அப்படி எழுந்து போய்விட்டார்.

முதல் தடவை அவள் வந்தபோது நான் என் வரிசைப்படி எல்லாம் பார்த்தேன். பஞ்சு உரித்தேன். ஓரளவு தேவலாம். டிஸ்க் இரைச்சல் சீராகத்தான் இருந்தது, ஆனால் பழசு. "நீ தெனமும் புதுசு புதுசா டிசைன் தொறக்கறவ கண்ணு. உனக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, இந்தப் பழைய டிஸ்க்க டிவிடி இருக்கற எடத்துல மாத்தி வெச்சுட்டா வேல முடிஞ்சுது" என்றேன். எஸ்எஸ்டி சுற்றாது, முழுக்கச் சிப்பாலேயே ஆனது, எதைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தரும். விலையும் ஏறக்குறைய ஹைபிரிட் விலைதான். அவளும் சரி என்றாள். அந்த நேரம் பார்த்துத் தனசேகர் சார் பட்டையோடு வந்து சேர்ந்தார். சின்ன எஸ்எஸ்டி ஸ்டாக் இல்லை என்றார். அது உண்மைதான், வாங்கி வைத்தால்தானே இருக்கும். அதைவிட ஒசத்தியான சாமான் இருக்கிறது என்று அவளிடமிருந்து மெஷினை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் மாதிரிக்கு என்று திறந்து காட்டியிருந்த ஒரு டிசைனையே எடுத்து, நன்றாக ஊறப்போட்டார். மறுநாள் வந்தவள் முன்னால் ஆன் செய்தார். மெஷினும் டக், டிசைனும் டக். கோமதி கண்கலங்கிப் போனாள். "என்ற டிசைனே தொறக்குதுங்களே!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் சார் பில்லை நீட்டிவிட்டார்.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். நேராகச் சாரின் மேசைக்குப் போனாள்.

"ஏனுங்க சார், நீங்க காட்டுன அந்த ஒரு டிசைனு மட்டும் டக்குன்னு வருதுங்க. மத்ததெல்லாம் பழையபடி எரும மாதிரி நிக்குதுங்க."

"அதா, ஒண்ணு வருதில்லைங்க?"

"அது ஏஜெண்டு வேண்டாம்னு தள்ளுன டிசைனுங்க! அவரு வேற கேட்டா, இது வந்து முன்னால நிக்குது!"

நான் என் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுவதுபோலச் சிரித்தேன். சார் அசரவில்லை.

"பழகட்டும்ங்க."

"எதுக்குங்க பழகோணும்? நான் ஒருக்கா போட்டத மறுக்காப் போடறதே இல்லீங்களே. தெனமும் புதுசுங்க."

"ஒரு மாசம் விட்டுப் பாருங்க. அதுவே உங்க மனசத் தெரிஞ்சுக்கும்."

"வர வேழாக்கெழம அவரு வாராருங்க. இந்தத் தடவையும் எந்திரிச்சுப் போயிட்டாருன்னா நான் அந்தச் சேருக்குத்தாங்க போவோணும்."

சார் கொஞ்சம் சங்கடப்பட்டார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நம்மளயே எடுத்துக்கங்க, நம்ம லேப்டாப்புலயும் இதேதான் போட்டிருக்கேன். பழகுனதுக்கப்புறம் பறக்குதுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்த லேப்டாப்பைப் போன மாதம் ஃபேன் சுத்தம் செய்யத் திறந்தவள் நான்தான். "சார் மறந்துட்டாருங்க. சாரோடது முழு எஸ்எஸ்டிங்க. நல்லா ஞாபகம் இருக்குது, அதுல கைய வெக்கறப்ப, பாத்து, வெல ஜாஸ்தின்னு நாலு தடவ சொன்னாரு" என்றேன். கடையில் எல்லோரும் திடீரென்று தலையைக் குனிந்துகொண்டு ரொம்பச் சிரத்தையாக வேலை பார்த்தார்கள். சார் தன் மணிக்கட்டுப் பட்டையை ஒருமுறை இறுக்கிக்கொண்டார். மறுநாள் முதல் என்னை யுபிஎஸ் பிரிவுக்கு மாற்றினார். அனுபவசாலிகள் அங்கேதான் தேவையாம். பேட்டரி தூக்கத் தனி அனுபவம் வேண்டும் என்பது உண்மைதான், முதுகுக்குத் தெரியும்.

டிரைவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சார் சம்மதிக்கவில்லை. மாட்டிய பொருளை வாபஸ் வாங்குவது கம்பெனி ரூலில் இல்லையாம். புதிதாக இன்னொன்று வாங்கக் கோமதியிடம் அப்போது வழியில்லை. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். சார் செய்த வித்தையை அப்படியே சொன்னேன். முதலில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. சாரைப் பற்றி அவள் சொன்னதை மலரில் போட முடியாது. அப்புறம் அழுகை வந்தது. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானே ஊறப்போட்டா ஊறாதுங்களாக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கே தோன்றவில்லை. ஊறும். ஏன் ஊறாது? ஆனால் சிப் சின்னது, எல்லா டிசைனும் அதில் பிடிக்காது. ஏஜெண்டு கேட்கக்கூடியதை மட்டும் யோசித்துப் பொறுக்க வேண்டும். இருவரும் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொன்றையும் புதிதாகத் தொடங்காமல், ஒரே அடிப்படைக் கட்டத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் பார்டரையும் நிறத்தையும் மாற்றலாம். அந்த அடிப்படையை முந்தின நாளே திறப்பது, மூடுவது, ரீஸ்டார்ட் செய்வது, மறுபடி திறப்பது. ரீஸ்டார்ட்டை மட்டும் விடக்கூடாது, விட்டால் மெஷின் தன் மெமரியிலிருந்தே எடுத்துக் காட்டிவிடும், சிப்பில் ஊறாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "அவரு நான் நெனைக்காதது ஒண்ணக் கேட்டாருன்னா?" என்றாள். அப்படிக் கேட்டால் நாட்டு டிஸ்க் வேகத்தில்தான் வரும், கடவுள் விட்ட வழி என்றேன்.

அந்த வியாழக்கிழமை நான் யுபிஎஸ் பிரிவில் பேட்டரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். வேலையே ஓடவில்லை. ஒரு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகப் பக்கத்திலிருந்த என் செருப்பில் ஊற்றினேன். மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் கோமதி சிரிப்பதுதான் கேட்டது.

"ஆர்டரு குடுத்துட்டாருங்கக்கா! பெட்ஷீட்டு, தலகாணி ஒற எல்லாஞ் சேத்து!"

"நெசமாவா? எல்லாம் டக்கு டக்குன்னு வந்துச்சா?"

"ஊறப்போட்டதெல்லாம் வந்துச்சுங்க. அப்புறம் பாருங்க, போன வருசம் தீவாளிக்குப் போட்ட மயில் டிசைனக் கேட்டுப்போட்டாரு. நான் ஊறப்போடவே இல்ல. கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு."

"அப்புறம் என்ன பண்ணுன?"

"தொறக்கச் சொல்லி அமுத்திட்டு நேரா உள்ள போனனுங்க. அடுப்புல டீ கொதிச்சுட்டு இருந்துச்சு. எப்பவும் ஆத்தித்தான் குடுப்பேன். இந்தத் தடவ ஆத்தாம, அப்படியே சில்வர் டம்ளருல ரொப்பிக் கொண்டாந்து அவரு கையில குடுத்துட்டேன். மனுசனுக்கு டம்ளரப் புடிக்கவே முடியலீங்க. இந்தக் கைக்கு மாத்தறாரு, அந்தக் கைக்கு மாத்தறாரு, துண்டச் சுத்திப் புடிக்கறாரு, உஸ் உஸ்ஸுன்னு ஊதறாரு. கீழ வெக்கலாம்னா மேசையெல்லாம் நான் துணிச் சாம்பிளப் பரப்பி வெச்சிருக்கேன். ஒரு வாய் உறிஞ்சிட்டு நிமுந்து பாக்கறாரு, மயிலு வந்து நிக்குதுங்க!"

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதில் சிரிப்பு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஹைபிரிட்டுன்னா இதானுங்களாக்கா?" என்றாள். "பாதி டிஸ்க்கு, பாதி டீ."

அத்தனை வருஷ சர்வீஸில் எந்தக் கம்பெனி டிரெயினிங்கிலும் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பிறகு நடந்தவை எல்லாம் முறைப்படியே நடந்தன. ஒருநாள் கடைப் பக்கம் வந்த கோமதியிடம் தனசேகர் சார், "என்னங்க, எப்படி ஓடுது?" என்று கேட்டார். அவள் முகத்தை மாற்றாமல், "நல்லாப் பழகிருச்சுங்க சார்" என்றாள். சார் எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் கடை வாசலில் ஃபிளெக்ஸ் போர்டு நின்றது: "பழகப் பழகப் பறக்கும்!" அதைப் பார்த்து வந்து வாங்கியவர்கள் புண்ணியத்தில் சார் பாங்காக் போய்வந்தார். எங்களுக்கு ஆளுக்கொரு யானை காந்தம் வாங்கி வந்தார். என் வீட்டு ஃபிரிட்ஜில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சார் கையால் கொடுத்த பொருள்களில், பழகுவதற்கு நேரம் கேட்காமல் சொன்ன வேலையை முதல் நாளே செய்தது அது ஒன்றுதான்.

எஸ்எஸ்டி விலை இறங்கியதும் ஹைபிரிட் டிரைவ்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. சாரும் இன்வெர்ட்டர் விற்கிற கம்பெனிக்கு மாறிப் போனார். பட்டையை எடுத்துக்கொண்டு போனதாகத்தான் ஞாபகம்.

பிரபு கேட்ட கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருந்ததால், போன வாரம் குமாரபாளையம் போய்க் கோமதியைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அவளிடம் இரண்டு பேர் டிசைன் போடுகிறார்கள். அந்த மில் முதலாளியின் காலி நாற்காலி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதில் அவருடைய மகனே உட்கார்ந்திருக்கிறானாம், டிசைன் போட மட்டும் இவளிடம் ஆள் அனுப்புகிறானாம். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்கவே பஸ் ஏறிப் போகலாம்.

நான் போன நாள் வியாழக்கிழமை என்பதை அங்கே போன பிறகுதான் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் ஏஜெண்டு வந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. உட்கார்ந்து "அந்த மயில..." என்று ஆரம்பித்தார், வாக்கியத்தை முடிப்பதற்குள் மயில் திரையில் வந்துவிட்டது. புது லேப்டாப் இப்போது யாருக்கும் காத்திருப்பதில்லை. கோமதி உள்ளே போய் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்தாள். எனக்குக் கொடுத்தது ஆற்றியது. அவருக்குக் கொடுத்தது தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நிதானமாக டம்ளரைச் சுற்றிப் பிடித்து, உஸ்ஸென்று ஊதி, ஒரு வாய் உறிஞ்சினார்.

அவளை உள்ளே கூப்பிட்டு, "இப்பத்தான் மெஷினு டக்குன்னு தொறக்குதே, பாவம், அவரு நாக்க ஏன் இன்னும் வேவ வெக்கற?" என்று கேட்டேன்.

"நான் என்னங்கக்கா பண்ணட்டும்? போன மாசம் ஒருக்கா ஆத்திக் குடுத்தேன். ஒரு வாயி குடிச்சுட்டு டம்ளர வெச்சுட்டாரு. 'என்னம்மா, தொழில் நல்லாப் போவுதுன்னு இப்பெல்லாம் டீயில அசால்ட்டா?'ன்னு கேக்கறாரு" என்றாள். பிறகு முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தனசேகர் சாரின் அதே குரலில், அதே இழுவையில் சொன்னாள்:

"பழகிருச்சுங்க."